தூளிக் கணக்கு

"ஒரு ஊரோட கஷ்டத்த எழுதறதுக்கு அந்த ஊருக்கே போவணுமா? செருப்புல மண்ணு படாம, இந்தத் திண்டிவனம் டீக்கடையில உக்காந்துக்கினே உலகத்த அழ வெச்சிடுவேன்!"

இவ்வாறு அறிவித்த மேதை இருதயராஜ். சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதித் தருவது தொழில். அவர் எழுத்தில் விழுப்புரம் மாவட்டக் குழந்தைகள் எல்லோரும் வாடிய மலர்கள். தாய்மார்கள் எல்லோரும் கண்ணீர்க் கடல். மரக்காணத்துக் கடலைவிட அதில் உப்பு அதிகம் என்று பேச்சு.

ஒலக்கூர் பக்கத்துக் காலனி ஒன்றின் மகளிர் குழுத் தலைவி சவுரியம்மாள் அவரிடம் வந்தார். அங்கன்வாடி வயதை எட்டாத கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுப்போக ஒரு காப்பகம் வேண்டும். போன அறுவடையில் ஒரு பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து கிணற்று மேட்டுக்கே போய்விட்டது. நல்லவேளை, யாரோ பார்த்தார்கள். அடுத்த தடவை?

இருதயராஜ் வழக்கமான கண்ணீர்க் கடலை எழுதி அனுப்பினார். சென்னை அறக்கட்டளை பண்போடு பதில் போட்டது: "கண்ணீர் கிடைத்தது. புள்ளிவிவரம் கிடைக்கவில்லை. மாதக் கடைசிவரை காத்திருக்கிறோம்."

வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டையில் காலனிக்குள் எழுந்தருளி, வீடு வீடாகக் கேட்டார்.

"கொழந்தயப் பாத்துக்க ஆளு இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க."

"கஷ்டம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க. மோர் குடிங்க."

எல்லா வீட்டிலும் இதே பதில், இதே மோர். கூட்டிப் பார்த்தால், அந்தக் காலனியிடம் உலக நாடுகள்தான் நிதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்தது.

மறுநாள் சலிப்போடு மறுபடி போனால் காலனியே பூட்டிக் கிடந்தது. போன் போட்டார். "மல்லாட்ட புடுங்கிக்கினு இருக்கோம், ஏரிக்கரைப் பக்கமா வாங்க சார்" என்றார் சவுரியம்மாள்.

வேர்க்கடலைக் கொல்லைகளை ஒட்டிய ஏரிக்கரையில் வேம்பு, புளி, பூவரசு என்று ஒரு மரம் பாக்கியில்லாமல் பழஞ்சேலைத் தூளிகள். ஒன்றிலிருந்து இரண்டு குட்டிக் கால்கள் நீண்டு சலவைச் சட்டையை உதைத்தன.

"யாரு புள்ள இது?"

"இசைவாணி புள்ள சார்."

"பாத்துக்க ஆளு இருக்குதுன்னு நேத்து சொல்லிச்சே அந்தப் பொண்ணு!"

சவுரியம்மாள் சிரித்துவிட்டார். "வூடு தேடி வந்தவர்கிட்ட 'எனக்கு ஆளு இல்ல, நாதி இல்ல'ன்னு எந்தப் பொம்பள சார் சொல்லுவா? அதுவும் மாப்புள வீட்டுக்காரர் மாதிரி வந்து நின்னுக்கினு கேட்டா?"

"அப்ப யாருதான் பாத்துக்கிறாங்க?"

"மரந்தான்."

அதன்பின் அவர் ஒரு மனிதரையும் கேட்கவில்லை. அறுவடை நடந்த கொல்லைகளையெல்லாம் சுற்றி மரம் மரமாகத் தூளிகளை எண்ணினார். தூளிக்கும் தாய்க்கும், தூளிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று நடந்து அளந்தார். மரங்களுக்கு மானம் மரியாதை கிடையாதே, உள்ளதை உள்ளபடி சொல்லின. புதிய விண்ணப்பத்தில் மலரும் இல்லை, கடலும் இல்லை. தமது இலக்கிய வாழ்வு முடிந்தது என்று இருதயராஜ் மனமுடைந்ததையும் வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

காப்பகம் வந்துவிட்டது. திறந்த அன்று சவுரியம்மாள் போனில் சொன்னார்: "சார், ஏரிக்கரை மரமெல்லாம் காலியா நிக்குது."

அடுத்த வாரம் மயிலத்திலிருந்து நெடுஞ்செழியன் என்றொரு அமைப்பாளர் டீக்கடைக்கு வந்தார். "நம்ம ஊருக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க சார். நீங்க உக்காந்த எடத்துலயே முடிச்சிடுவீங்களாமே!"

இருதயராஜ் டீயைக் குடித்து முடித்தார். ஏரிக்கரை மண் காய்ந்து ஒட்டியிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"மயிலம் பஸ் எத்தினி மணிக்கு?"