கட்டை காஞ்சுதான் கெடக்கு

கண்ணில் புரை எடுக்க மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டோக்கன் வாங்கி வராண்டாவில் உட்கார்ந்தபோது சுவரிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. அங்கே காலை ஜெபம் முடிந்த பிறகுதான் டாக்டர்கள் வருவார்கள். யாரோ ஒரு பெண் வேதத்தின் முதல் பக்கங்களை வாசித்தாள். சாமி மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தார். அவனும் அவன் பெண்டாட்டியும் செய்யாதே என்றதைச் செய்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். சாமி நடந்து வந்து எங்கே இருக்கிறாய் என்று கூப்பிட்டார். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வெள்ளாமை செய்தான், இளையவன் ஆடு மேய்த்தான். இரண்டு பேரும் சாமிக்குப் படைத்தார்கள். சாமி ஆட்டை ஏற்றுக்கொண்டார். தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எழுந்து வாசல்வரை போய்விட்டேன். என் கதையை இவர்களிடம் யார் சொன்னார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. நான் குலசாமியைக் கும்பிடுகிறவன். அந்தக் கதையை அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலம். தம்பிக்குச் செம்மறி. கோடையில் ஊர் ஊராக ஆடுகளை ஓட்டிப்போய், வெள்ளாமை எடுத்த காட்டில் வலை கட்டி அடைப்பான். அதைக் கிடை போடுவது என்போம். ராத்திரி முழுக்க ஆடுகள் அங்கேயே கிடந்தால் நிலத்துக்கு எரு. கிடைக்காரனுக்குக் காட்டுக்காரன் தவசமோ பணமோ கொடுப்பான். என் காட்டுக்கு மட்டும் தம்பி எதுவும் வாங்க மாட்டான்.

அந்த வருஷம் எங்கள் குலசாமியின் மாசிக் கும்பிடுக்கு என் காட்டில் விளைந்த புதுச் சோளத்தை நானே தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோனேன். வானம் ஏமாற்றிய வருஷத்தில் விளைந்த சோளம் அது. தம்பி ஒரு கிடா கொண்டுவந்தான். பூசாரி முதல் திருநீறை மூத்தவனுக்குக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு அவர் என்னைத் தாண்டிப்போய்த் தம்பி கையில் கொடுத்தார். பங்காளிகள் சிரித்தார்கள்.

"கறி போடுறவனுக்குத்தானப்பா மொத மரியாத. சோளக்கஞ்சிய ரேஷன் அரிசி திங்கிற காலத்துல எவன் குடிப்பான்?"

தம்பி சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சோளத்தில் நான் பொங்கி வைத்த பானை சாயங்காலம்வரை மூடி திறக்காமல் கிடந்தது. ஒரு பானைக்காகவா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஆமாம், ஒரு பானைக்காகத்தான்.

சித்திரையில் ஒரே ஒரு மழை பெய்துவிட்டு வெயில் கொளுத்தியது. தையில் அறுத்துவிட்ட சோளக்கட்டை தூரத்திலிருந்து பார்க்கக் காய்ந்துதான் தெரியும். குனிந்து பார்த்தால் அடியில் விரல் நீளத்துக்குக் கரும்பச்சையாகத் துளிர் விட்டிருக்கும். மறுதாம்பு. தண்ணீர் இல்லாமல் குறுகிப்போன அந்தத் துளிர் ஆட்டுக்கு விஷம். பசியோடு தின்றால் அரைமணி நேரம் தாங்காது. எங்கள் பக்கம் இது தெரியாதவன் கிடையாது. தம்பிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஒருநாள் காலையில் போன் செய்தான்.

"அண்ணே, இன்னைக்கு உன் காட்டுலதான் கிடை. வெடியக்கால ஓட்ட ஆரம்பிச்சது, வந்து சேர பொழுது எறங்கிரும். கட்டை காஞ்சுதான கெடக்கு? தாம்பு எதுவும் வெடிக்கலையே?"

நான் அப்போது காட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் செருப்புக்குப் பக்கத்திலேயே துளிர் இருந்தது.

"கட்டை காஞ்சுதான் கெடக்கு" என்றேன்.

"சரிண்ணே. நீ பாத்தாச் சரி."

இதற்குப் பிறகு எனக்குப் பகல் முழுவதும் இருந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். எடுத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டேன். மத்தியானம் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

பொழுது சாயும்போது காட்டுக்குப் போய், எப்போதோ வற்றிப்போன கிணற்றின் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தடுக்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது பொய். ஆடுகள் வந்தன. முன்னால் போகிற கிடாவின் கழுத்தில் மணி. நாள் முழுக்கத் தார்ரோட்டில் நடந்த பசி. தம்பி வலை கட்டுவதற்குள் எல்லாமே தலையைக் கவிழ்த்துவிட்டன. செம்மறி மேயும்போது ஒரு சத்தம் வரும், துணி கிழிகிற மாதிரி. அந்தச் சத்தம் காடு முழுக்கக் கேட்டது. பிறகு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நின்றது. கத்தல் இல்லை, ஓட்டம் இல்லை. முன்னங்காலை மடக்கி, யாரையோ கும்பிடுவது மாதிரி விழுந்தன.

என் போன் அடித்தது. வைப்ரேஷனில் இருந்ததால் நெஞ்சில் துடித்தது.

"அண்ணே, எங்க இருக்க?"

அந்தக் குரல் போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது. முதலில் சுவருக்கு அந்தப் பக்கம். இமைக்கிற நேரம் கழித்து அதே குரல் காதுக்குள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி.

"பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்" என்றேன், சுவரைத் தாண்டிச் சத்தம் போகாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டு.

"ஆடெல்லாம் விழுகுதுண்ணே. மாட்டு டாக்டரக் கூட்டியா. எனக்கு ஒண்ணும் புரியல."

"வாரேன்."

போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். பிறகுதான் டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் வந்தபோது ஊசி போடுவதற்கு ஏழு ஆடுகள்தான் மிச்சம். மணி கட்டிய கிடா படுத்திருந்தது. அதன் கழுத்து இழுக்கும்போதெல்லாம் மணி அடித்தது. கடைசியில் அதுவும் நின்றது.

பத்து நாளாகக் காட்டுப்பக்கம் வரவில்லை, தாம்பு வெடித்ததைப் பார்க்கவில்லை என்று தம்பியிடம் சொன்னேன். "உன்ன என்னண்ணே சொல்றது" என்றான். விஷம் தின்ற ஆட்டை யாரும் வாங்க மாட்டார்கள். மறுநாள் ஜேசிபி வைத்து என் காட்டிலேயே குழி வெட்டிப் புதைத்தோம். மிச்சமிருந்த ஏழையும் விற்றுவிட்டு அவன் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான்.

புரட்டாசியில் விதைத்தேன். குழி இருந்த இடத்தில் மட்டும் சோளம் ஒரு ஆள் உயரத்துக்கு மேலே வந்தது. சுற்றிலும் முழங்கால் உயரம்தான். ரோட்டிலிருந்து பார்த்தாலே ஜேசிபி வெட்டிய அளவு தெரிந்தது. நீளமும் அகலமும் பச்சையில் கோடு போட்டு வைத்த மாதிரி. காற்று இல்லாத நேரத்தில் அதற்குள்ளே துணி கிழிகிற சத்தம் கேட்டது. காய்ந்த தோகை உரசுகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தத் தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டேன். எங்கள் மாடு காகிதத்தைக்கூடத் தின்னும். இதை மோந்து பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்து கயிறு இறுகும்வரை போய் நின்றது.

ஆஸ்பத்திரிக் கதையிலும் மூத்தவன் இளையவனைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கொல்கிறான். அதற்குப் பிறகு நிலம் அவனுக்கு விளையாது என்று சாமி சொல்கிறார். எனக்கு அப்படி ஆகியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு விளைந்தது.

வாசலில் நின்றே மிச்சக் கதையையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நோயாளிகளுக்காக ஜெபிக்க ஒரு பாஸ்டர் வராண்டாவில் வந்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மூத்தவன் கொண்டாந்த தவசத்துல என்னங்கய்யா கொற?"

"அத வேதத்துல விவரமாச் சொல்லலீங்க. அவன் மனசு சரியில்லன்னு சொல்லுவாங்க."

"மனசு கெட்டது அதுக்கப்புறந்தான? மண்ணுல செஞ்சு, மண்ணக் கொத்தித் தின்னுன்னு சொன்னதும் அவருதான். கொத்திக் கொண்டாந்தவன் மூஞ்சியப் பாக்கலேன்னா எப்பிடி?"

அவர் சிரித்தார். "கேள்வி நல்லாத்தான் இருக்கு. ஆனா, அவன் கோபப்பட்டதுக்கு அப்புறமும் சாமி அவன்கிட்டப் பேசுறாருங்க. பாத்துக்கோ, இப்பவே அடக்கிக்கோன்னு எச்சரிக்கிறாரு. அவனுக்கு நேரம் இருந்துச்சு."

ஒரு பகல் முழுக்க எனக்கும் இருந்தது.

"நீங்க வெவசாயமா? கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

"எங்க இருக்காரு?"

"தெரியாதுங்க" என்றேன்.

வாயிலிருந்து அது தானாக வந்தது. அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்தக் கதையில் உன் தம்பி எங்கே என்று சாமி கேட்டபோது மூத்தவன் சொன்ன பதிலும் அதுதான். சற்று முன்னால் ஸ்பீக்கரில் கேட்டிருந்தேன். டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டு அவனியாபுரம் பஸ் ஏறினேன்.

தம்பி ஆட்டோ ஸ்டாண்டில் நின்றிருந்தான். ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துளிரைப் பார்த்தது, சோளப்பானை, மோட்டார் ரூம் சுவர். அவன் திரும்பவில்லை. கண்ணாடியில் அவனுடைய கண் மட்டும் தெரிந்தது.

"நீ பாத்தாச் சரின்னு சொன்னேன்ல" என்றான் கடைசியில்.

"சொன்ன."

"செவத்துக்கு அங்குட்டு நின்னியா?"

"நின்னேன்."

வெகுநேரம் ஹேண்டில்பாரைத் துணியால் துடைத்தான். மாசிக் கும்பிடில் பங்காளிகள் எல்லாருக்கும் முன்னால் சொல்லப் போகிறேன் என்றேன். அப்போதுதான் திரும்பினான்.

"சொல்லாத. சொன்னா பங்காளிக உன்னைய அடிப்பாய்ங்க. கையக் கால ஒடிச்சிருவாய்ங்க. ஒருத்தனும் உன்மேல கை வைக்கக் கூடாது."

"ஏன்டா?"

"அடி வாங்கிட்டா உனக்குத் தீந்து போயிரும். நீ நல்லா இருண்ணே."

பஸ் வந்தது. ஏறும்போது டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டான்.

அவன் சொன்னபடி ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நான் எழுதும் இதில் யார் பெயரும் இல்லாததற்கு அதுதான் காரணம். என்மேல் இதுவரை யாரும் கை வைக்கவில்லை.

இந்த மாசிக்குத் தம்பி வெறுங்கையோடு வந்தான். நான் சோளம் கொண்டுபோனேன். இந்த வருஷம் எனக்குத் தேறியது குழிமேல் விளைந்த சோளம் மட்டும்தான். பூசாரி முதல் திருநீறை எனக்குக் கொடுத்தார். பந்தியில் என் பானையைத் திறந்தார்கள். என்னைத் தவிர எல்லாரும் சாப்பிட்டார்கள், நல்ல ருசி என்றார்கள். தம்பி எனக்கு எதிரே உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் தின்றான். பிறகு எழுந்து பானையிலிருந்து ஒரு கரண்டி அள்ளி என் இலையில் வைத்தான்.

"சாப்பிடுண்ணே."