கம்பிக்கு அடியில் ஒன்றும் கிடக்கவில்லையாம்!

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய். கரையோரம் ஏற்கெனவே உயர் அழுத்த மின்கம்பி ஓடுகிறது. இரண்டாவதாக ஒன்றைக் கண்மாய்க்குக் குறுக்கே இழுக்கப் போகிறார்கள். ‘பறவைகள் மோதும் ஆபத்து இல்லை’ என்று ஆய்வறிக்கை சொல்லிவிட்டதாம். காரணம், கம்பிக்கு அடியில் செத்த பறவை ஒன்றுகூடக் கிடக்கவில்லையாம். வயிறு எரிந்தது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தை மாதத்தில் ஒருநாள் கிளம்பிவிட்டேன்.

சாத்தூரில் இறங்கும்போது காலை ஐந்தரை. இருபது கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோவுக்குப் போகவர அறுநூறு. “பறவை பாக்கவா? பட்டாசு வாங்கத்தானே இங்கன வருவாக!” என்று சிரித்தார் ஓட்டுநர்.

கண்மாய்க்கரையில் இன்னும் பனி விலகவில்லை. கூழைக்கடாக்கள் தடித்த கம்பிகளைப் பார்த்துவிட்டு மேலே ஏறுகின்றன. அதற்கும் மேலே, இடி தாங்குவதற்காக மெல்லிய கம்பி ஒன்று. நம் கண்ணுக்கே தெரியவில்லை. கனத்த உடம்பு, சட்டென்று திரும்ப முடியாது. ஒன்று மயிரிழையில் தப்பியது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கம்பியில் பளிச்சென்ற வளையங்களை மாட்டினால் தூரத்திலேயே பார்த்து விலகும். அதை மாட்டுவதற்கும் செத்த பறவையைக் காட்டச் சொல்கிறார்கள் அதிகாரிகள்.

அடியில் தேடினேன். உண்மையிலேயே ஒன்றுமில்லை.

பட்டாசுக் கம்பெனி வண்டிக்காகக் கரையில் நின்றிருந்த பேச்சியம்மாள் என்ற பெண், “என்னம்மா தேடுதீக?” என்றார். சொன்னேன்.

“விழுந்ததையா? அதெல்லாம் நாங்க அப்பப்ப பொதைச்சிருவோம்ல. வேலைக்குப் போற பாதையில அனாதையாக் கெடந்தா மனசு கேக்குமா?”

கரைச் சரிவைக் காட்டினார். சின்னச் சின்ன மண்மேடுகள். நாய் தோண்டாமலிருக்க மேலே வேலமுள்.

“ஆய்வுக்கு வந்தவங்க உங்ககிட்ட கேக்கலையா?”

“கார்ல வந்தாக, போட்டோ எடுத்தாக, போயிட்டாக.”

அடப்பாவிகளா! பத்தடி நடந்து ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துபோகும்?

இனிமேல் விழுவதை, எண்ணும்வரை புதைக்காமல் விட முடியுமா என்று கேட்டேன். பேச்சியம்மாள் முகம் மாறிவிட்டது.

“கம்பெனி வெடிச்சப்ப எங்க வீட்டுக்காரரையும் அப்படித்தான் வெயில்ல போட்டு வச்சிருந்தாக. எண்ணிக்கிட்டு இருக்கோம்னு.”

நான் ஏன் கேட்டேன் என்றாகிவிட்டது. மேடுகளை மட்டும் படமெடுத்து மனு அனுப்பியிருக்கிறேன்.

போகிறவர்கள் தை, மாசியில், விடியுமுன் போங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை கிடையாது. தரை சுத்தமாக இருந்தால் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்.

அறிக்கை எழுதிய புண்ணியவான்களே, மண்மேடு போதாது, உடலைத்தான் காட்ட வேண்டும் என்பீர்களானால், பேச்சியம்மாள் முன்னால் நின்று நீங்களே கேளுங்கள்.