மாகாணச் செய்தியில் என் கை

எங்கள் வயல்கள் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரே வெளியாக, ஒரே வட்டையாகக் கிடக்கின்றன. தண்ணீர் திறப்பது முதல் மாடுகளை விலக்குவது வரை அங்கே வட்டை விதானை வைத்ததுதான் சட்டம். அந்தப் பதவியில் எனக்கு நெடுநாள் ஆசை. கை உயர்த்தி விதானையைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் நான் ஒரே ஒரு வாக்கால் தோற்றுப்போனேன்.

கவிழ்த்தது யார் என்று யோசித்து, மனைவியின் தம்பியைச் சந்தேகப்பட்டேன். வென்றவர் அவருக்கும் சொந்தம். எனக்குப் பின்வரிசையில் இருந்ததால் மச்சானின் கையை நான் பார்க்கவில்லை.

கேட்டதற்கு, "நான் உங்களுக்குத்தான் தூக்கினனான், அத்தான்" என்றார். கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது. ஒவ்வொரு போகமும் அவருடைய உழவு இயந்திரம்தான் என் வயலில் இறங்கும். இந்த முறை வேறு ஆளைப் பிடிக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். அதன்பிறகு சோறு போடும் அளவுக்கு மட்டுமே மனைவி என்னோடு பேசினாள்.

கூட்டத்துக்கு அரச தொலைக்காட்சியின் கமராக்காரர் வந்திருந்தார். மாகாணச் செய்தி போன நேரம் எங்களூரில் கரண்ட் இல்லை. அதை இணையத்திலும் போட்டுவைப்பார்களாம். எட்டாம் நாள் காலை, மனைவி போனை என் தேநீருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இஞ்ச பாருங்க, உங்கட கூட்டம் கிடக்கு."

ஒரு பாலம் திறந்தார்கள், வாவியில் மீன்குஞ்சு விட்டார்கள், பிறகு நாங்கள் வந்தோம். என் பெயர் சொன்னதும் கைகள் உயர்ந்தன. மச்சான் பஸ் மறிப்பவரைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கு முகம் சுட்டது.

"மறுகா ஒருக்காப் போடு" என்றேன்.

அவள் போட்டு, பாதியில் நிறுத்தி, முன்வரிசையைக் காட்டினாள். புதுச் சட்டையோடு நான். தனக்குத்தானே கை தூக்குவது மரியாதையில்லை என்று, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். தூக்கியிருந்தால் சமமாகி, சீட்டுக் குலுக்கியிருப்பார்கள்.

"அந்த ஒரு வாக்கு ஆருட எண்டு இப்ப விளங்கிச்சா?" என்றாள். ஒரு கிழமைக்குப் பிறகு சிரித்தாள்.

நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பிழை என்னில்தான், செய்தியைப் பார்த்துவிட்டேன் என்றேன்.

"நான் அண்டைக்கே போன்ல பார்த்திட்டன், அத்தான். அனுப்பினா நீங்க வெட்கப்படுவீங்க எண்டு விட்டிட்டன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்தில் ஏறினார்.

"ஏறுங்க, உழவுக்குப் போவம். அடுத்த கூட்டத்தில உங்களுக்குப் பக்கத்தில இருந்து உங்கட கையையும் நானே தூக்கிவிடுறன்."