சூடம் அணைத்து வாங்கிய ஓட்டு

என் அண்ணனைத் தோற்கடித்தது நீங்கள்தான், மேஸ்திரி. எதிர்த்து நின்றவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியும். இதை எழுதினால் வேலை போய்விடும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். வேலை போய் ரொம்ப நாளாகிறது.

உங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாங்கோனில் போட்டாதாங் கிடங்குகளில் பயறு பொறுக்கும் பெண்களுக்கும், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் மூட்டை தூக்கும் ஆண்களுக்கும் ஆள்பிடித்துக் கொடுப்பவர் மேஸ்திரி. எங்கள் கோவில் கமிட்டித் தலைவரும் அவரே. காலையில் அவர் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேலை. இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். த்வாண்டே பக்கமிருந்து படகில் வரும் உளுந்தைப் பதினெட்டு வருடம் பொறுக்கியிருக்கிறேன். அண்ணன் அதே உளுந்தைக் கப்பலுக்குத் தூக்கினான்.

ஒரு மழைநாளில் அண்ணனோடு தூக்கிய ஒருவர் பலகை வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. நஷ்டஈடு கேட்கத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அண்ணன் நடையாக நடந்தான். அப்படி ஒரு ஆள் எந்தப் பதிவிலும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தினக்கூலிக்காரன் பெயரை யாரும் எங்கும் எழுதுவதில்லை. அண்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. நாட்டில் இருபது வருடத்துக்குப் பிறகு 2010இல் தேர்தல் வந்தபோது ஒரு சின்னக் கட்சி அவனை யாங்கோன் மாகாண மன்றத்துக்கு நிறுத்தியது. ஜெயித்தால் தொழிலாளர் மந்திரி பொறுப்பைக் கேட்டு வாங்குவேன், ஜெட்டியில் ஒரு ஆள் விடாமல் பெயர் எழுத வைப்பேன் என்று வீடு வீடாகச் சொன்னான். ஜெட்டிக்காரர்கள், "மந்திரியாரே, போறப்ப இந்த மூட்டையயும் எடுத்துட்டுப் போங்க" என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் ஓட்டு அவனுக்குத்தான் என்றார்கள்.

எனக்குப் பயம். எண்பத்தெட்டுப் போராட்டத்தில் எங்கள் தெருவிலிருந்து ஊர்வலம் போனவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. அண்ணன் படம் போட்ட நோட்டீஸ் சுவரில் ஏறிய நாளிலிருந்து வாசலில் ஜீப் நின்றால் கதவைத் தாழிடுவேன். தெரியாத ஆள் விலாசம் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவேன். பயறு பொறுக்கிக்கொண்டே கிடங்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சொத்தையை நல்லதில் போட்டுவிட்டுத் திட்டு வாங்கினேன்.

தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை எங்கள் கூட்டத்தைக் கோவிலுக்கு வரச் சொன்னீர்கள். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பெரிய கப்பல் வந்தால் கோவிலில் சூடம் ஏற்றி, ஒவ்வொருவராக உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வோம். பாதியில் விட்டுப் போகமாட்டோம், சரக்கில் கை வைக்கமாட்டோம், மேஸ்திரி காட்டிய இடத்தில் நிற்போம். எங்கள் அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான். அன்றைக்கு அண்ணனை மட்டும் நீங்கள் கூப்பிடவில்லை. தேர்தல் வேலையில் இருக்கிறான், அதனால்தான் என்று நினைத்தேன்.

வரிசையில் என் முறை வந்தது. எதற்கு என்று கேட்கவில்லை. கையை வைத்து அணைத்தேன்.

கடைசி ஆள் அணைத்து முடித்ததும் பின்பக்க மண்டபத்துக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கே வார்டு ஆபீஸ்காரர் ஒருவர் ஓட்டுப் பெட்டியோடும் சீட்டுக் கட்டோடும் உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழம கப்பல்ல வேல இருக்கு. யாரும் ஓட்டுப் போடப் போக முடியாது. இப்பவே போட்டுடுங்க" என்றீர்கள். "மேலேருந்து ரெண்டாவது கட்டம். காட்டுன எடத்துல நிப்போம்னு இப்பதான சத்தியம் பண்ணீங்க."

நாலாவது கட்டத்தில், அரசாங்கக் காகிதங்களுக்காக அண்ணன் வைத்திருந்த பர்மியப் பெயர் இருந்தது. என் உள்ளங்கை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்றீர்கள். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் வரவில்லை. வேலையும் இல்லை. சேர்ந்து போய் ஓட்டுப் போடலாம் என்று அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான். காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். தண்ணீரைச் சுட வைத்துக் கொடுத்துவிட்டுத் தனியாகப் போனான்.

ஓட்டுச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தில் எண்ணி முடிக்கும் வரை அவன்தான் முன்னால் இருந்தான். அதற்குப் பிறகுதான் முன்கூட்டிப் போட்ட ஓட்டுப் பெட்டிகள் வந்தன. எங்கள் பெட்டியும் அதில் ஒன்று.

மூன்று நாள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் ஒளிந்து திரிந்தேன். நாலாம் நாள் தேத்தண்ணி கொடுக்கும்போது அவனே கேட்டான்.

"நம்ம ஆளுங்க ஓட்டெல்லாம் எங்கதான் போச்சு?"

"ரெண்டாவது கட்டத்துல."

"நீ?"

"நானும்தான்ணே."

சூடமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னயக் கூப்ட்டிருந்தா நானும் அணச்சிருப்பேன். கை பழகிப் போச்சு" என்றான்.

அவன் தேர்தல் கமிஷனுக்குப் புகார் எழுதினான். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு கையெழுத்து போதாது, இன்னும் ஆள் வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்தார்கள், உட்காரச் சொன்னார்கள், கையெழுத்து மட்டும் முடியாது என்றார்கள். உங்களுக்குப் பயந்து மட்டும் இல்லை. சத்தியத்தை மீறினால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். என்னோடு பதினெட்டு வருடம் ஒரே பாயில் உட்கார்ந்து பயறு பொறுக்கியவள், "உனக்குப் புள்ள இல்ல, நீ போடுவ" என்றாள். நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அண்ணன் பெயரையும் என் பெயரையும் நீங்கள் வேலைக்குக் கூப்பிடவில்லை.

புகார் செத்துப்போனது. அது போகட்டும். ஆனால் அந்தப் பயம் இன்னும் அந்த வீடுகளில் இருக்கிறது. அண்ணன் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். அவர்களை அந்தச் சத்தியத்திலிருந்து விடுவிக்க உங்கள் ஒருவரால்தான் முடியும்.

வருகிற கோவில் பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள், மேஸ்திரி. வராத கப்பலுக்கு எதற்குச் சூடம் ஏற்றினீர்கள்? அந்தப் பெட்டியைக் கோவிலுக்குள் கொண்டுவரச் சொன்னது யார்? அந்தச் சத்தியம் செல்லுமா, செல்லாதா? எனக்குத் தனியாக ஆள் அனுப்ப வேண்டாம். அன்று கை வைத்த எல்லாரும் அங்கே இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.