ஜாடிக்கு வரன் தேடும் நர்சம்மா

கடை ஷட்டரை நான் பாதி தூக்குவதற்குள் குனிந்து உள்ளே வந்துவிடுவார் நர்சம்மா. முதல் வேலை, நான் துடைத்து வைத்த கண்ணாடி ஜாடியை மறுபடி துடைப்பது. கழுத்திலும் கைப்பிடியிலும் வெள்ளிப் பூண் போட்ட ஜாடி. அவர் கல்யாணத்துக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் சேர்ந்து கொடுத்தது. அடுத்த வாரம் மகன் வீட்டுக்குக் குடிபோகிறார். அதனால் என் பழம்பொருள் கடையில் விற்கக் கொடுத்திருக்கிறார்.

“இதுவே பழம்பொருள்னா, என்னை எந்த ஷெல்ஃபுல வைப்பே தம்பி?” என்று முதல் நாளே வம்புக்கு வந்தார்.

விற்க வந்தவர் விற்க விட்டால்தானே! யார் விலை கேட்டாலும் ஜாடியில் தண்ணீர் நிரப்பி, “ஒரு டம்ளர் ஊத்துங்க, பாப்போம்” என்பார். அந்த ஜாடி ஒரு தினுசு. தயங்கித் தயங்கிச் சாய்த்தால் தண்ணீர் வயிற்றோடு வழியும். ஒரே சாய்ப்பாகச் சாய்த்தால் சொட்டுச் சிந்தாது. பழம்பொருள் சேர்ப்பவர்கள் அதைப் பச்சைக் குழந்தைபோல் இரு கையிலும் ஏந்துவார்கள். என் கம்பளம் நனையும்.

“இவரு அலமாரியில பூட்டி வைக்கிற ஆளு. வேண்டாம்.” முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். மகனுக்குக் கொடுக்காததும் அதனால்தான். “அவன் ஜாடியைப் பூட்டிட்டு, சாவியையும் பூட்டி வைப்பான்.”

எனக்கு எரிச்சலாகத்தான் வரும். ஆனாலும் இவர் போய்விட்டால் வம்புக்கு யாரைத் தேடுவது என்ற கவலையும் இருந்தது.

நேற்று ஒரு வக்கீலம்மா வந்தார். நாற்காலி ஒன்றுக்கு என்னோடு பேரம் பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. முன்னால் வந்தவருக்காக நிரப்பிய தண்ணீர் ஜாடியில் மிச்சமிருந்தது. கேட்காமல் கொள்ளாமல் அதை ஒற்றைக் கையால் தூக்கி, டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்ந்தார். மேசையில் ஒரு சொட்டு இல்லை.

நர்சம்மா எழுந்தே விட்டார். “வீட்டுல எத்தனை பேரும்மா?”

“ஏழு பேரு. சாப்பிட உக்காந்தா தண்ணி தண்ணின்னு பிராணனை வாங்குவாங்க. ஏன் கேக்கறீங்க?”

“இந்த ஜாடியை எடுத்துக்கறியா?”

வக்கீலம்மா அப்போதுதான் ஜாடியைச் சரியாகப் பார்த்தார். “அழகாத்தான் இருக்கு. பசங்க உடைச்சுட்டா?”

“தண்ணி ஊத்தும்போதுதானே உடையும்? உடையட்டும்.”

நாற்காலியை மறந்து ஜாடிக்கு விலை பேசினார் வக்கீலம்மா. விட்டால் போதுமென்று நானும் தலையாட்டினேன். கட்டிக் கொடுப்பதற்காகக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டப் போனேன். நர்சம்மா ஜாடியை என் கையிலிருந்து வாங்கினார். காகிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, தண்ணீரோடு அப்படியே வக்கீலம்மா கையில் கொடுத்தார்.