கறுப்புக் கண்ணாடி காம்ப்ளெக்ஸ்

போன மாதம் ஆரணி போயிருந்தேன். என் பள்ளித் தோழன் ஏகாம்பரம் பட்டு வியாபாரி. இப்போது காம்ப்ளெக்ஸ் ஓனரும் ஆகியிருக்கிறான். கீழே கடைகள், மாடியில் ஒரு பெரிய ஹால்.

இப்போதெல்லாம் ஆரணியில் யாரைப் பார்த்தாலும் காம்ப்ளெக்ஸ் பேச்சுதான். கொஞ்சம் இடம் இருந்தால் போதும் — ‘கடை கட்டி வாடகைக்கு விடு’ என்று யோசனை சொல்ல ஆள் வந்துவிடுகிறது. வாடகைக்கு யார் வருவார்? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஏகாம்பரம் குடியிருந்த வீட்டை இடித்துத்தான் கட்டினான். ஹால் வாடகைக்குப் போனதும் அதன்மேல் வீடு கட்டித் தருவதாக மனைவி கலாவுக்கு வாக்கு. அதுவரை பின்தெருவில் ஒரு போர்ஷன். அங்கே சமையலறையில் பட்டப்பகலில் பல்பு போட்டால்தான் கடுகு எது, மிளகு எது என்று தெரியும். இரண்டாவது பொங்கலையும் அங்கேயே பொங்கிவிட்டார் கலா.

கீழ்க்கடைகள் போய்விட்டன. ஹால்தான் போகவில்லை. இத்தனைக்கும் முன்பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி...

“மெட்ராஸ்ல எல்லாம் இப்பிடித்தான்டா கட்டிகினு கீறாங்க” என்றான் பெருமையாக.

அன்று தேசூரிலிருந்து ஒரு புடவை வியாபாரி ஹாலைப் பார்க்க வந்தார். ஷோரூம் வைக்க வேண்டுமாம். இடம் பிடித்தது. வாடகையும் ஒத்துவந்தது. கடைசியில் பையிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்து விரித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். டியூப்லைட்டைப் போடச் சொன்னார். பிறகு புடவையோடு படியிறங்கிப் போய்த் தெருவில், வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இங்க அரக்குச் செவப்பா கீது. மேல கறுப்பாத் தெரியுது. கல்யாணத்துக்குப் பொடவை எடுக்க வர்றவங்களுக்கு நான் இன்னாங்க பதில் சொல்றது?”

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஏகாம்பரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“பேஜாராப் போச்சுடா.”

பட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். இது எப்படித் தோன்றாமல் போயிற்று? எனக்கும் கோபம்தான். கலா டீயோடு வந்தார். இன்றைக்கு மாட்டினான் என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணே, எங்க கல்யாணப் பொடவை எடுத்தப்ப இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? கடைக்காரர் கையிலேர்ந்து புடுங்கிகினு வாசலுக்கு வந்துட்டாரு. வெயில்ல என் கைமேல போட்டுப் பாத்துட்டுதான் சரின்னாரு. சொந்தக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கு அன்னைக்கே இவரைப் புடிச்சிப் போச்சு.”

ஏகாம்பரம் தலையை நிமிர்த்தவில்லை. இவ்வளவு நாள் இருட்டில் சமைத்தவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே... தன் நல்ல நாளை அல்லவா எடுத்துக் காட்டினார்!

மறுநாளே ஆளைக் கூப்பிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டான்.

நேற்று ஏகாம்பரத்திடமிருந்து போன் வந்தது. தேசூர்க்காரர் அதே புடவையோடு மறுபடி வந்தாராம். இந்த முறை படியிறங்கவில்லை. ஹாலை எடுத்துக்கொண்டார்.

“மேல வூட்டுக்கு பிளான் போட இன்ஜினீயர் வந்தாருடா. எல்லாம் கலாவையே கேளுங்கன்னு சொல்லிட்டேன்.”

“கலா என்ன கேட்டாங்க?”

“சமையல்கட்டுல ஒரு ஜன்னல் பெருசா வேணும்னுச்சு. நான்தான் ரெண்டா வைக்கச் சொன்னேன்.”