திமிங்கலம் ஏன் கரைக்கு வந்தது

அருங்காட்சியகத்தின் கடைசிக் கூடத்தில், உத்தரத்திலிருந்து தொங்கும் திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. எலும்பை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திமிங்கலக்கா என்ற பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இது ஏன்க்கா கரைக்கு வந்துச்சு?" ஆரம்பத்தில் "தெரியாதுங்க" என்றாள். சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள், அழுது அடம்பிடித்த ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்த, "குட்டியைத் தேடிட்டு வந்துச்சு கண்ணு" என்று அடித்துவிட்டாள். குழந்தை வாயை மூடியது. அதன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அதுவே பதில். போகப்போகக் கதைக்குக் கைகால் முளைத்தது, புயல் சேர்ந்தது. ஒரு நிருபர் கேட்டுவிட்டுப் பத்திரிகையில் எழுத, அது பொது அறிவுப் புத்தகம் வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். பொது அறிவுப் பைத்தியம். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு முன்னால் எரிமலை வெடிக்கும், சாம்ராஜ்யங்கள் சரியும். "சோறு ஆறுது" என்பாள் அவள். கதை கட்டிய உண்மையை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அந்த வருடம் ஊர் வினாடி வினாவின் இறுதிச் சுற்றை அந்தக் கூடத்திலேயே வைத்தார்கள். ஓட்டுநரும் ஒரு வக்கீலும் சமமாக நின்றார்கள். கடைசிக் கேள்வியை நடுவர் படித்தார்: "நம்ம தலைக்கு மேல தொங்குற இந்தத் திமிங்கலம் கரை ஒதுங்கக் காரணம் என்ன?"

முதலில் மணியடித்தவர் ஓட்டுநர். ஓரமாக உட்கார்ந்திருந்த மனைவியை ஒருமுறை பார்த்தார். "காரணம் யாருக்கும் தெரியாதுங்க."

"தப்பு."

"குட்டியைத் தேடி வந்தது" என்றார் வக்கீல். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"சார், அந்தக் கதையைக் கட்டினதே என் வீட்டுக்காரிதான். இங்கதான் இருக்கா, கேட்டுப் பாருங்க."

அவள் எழுந்தாள். "ஆமாங்க. ஒரு குழந்தை அழுதுச்சு. நானா சொன்னதுங்க அது."

நடுவர் கனிவாகச் சிரித்தார். "புருஷனை ஜெயிக்க வைக்க இப்படி ஒரு பொய்யாம்மா? புத்தகத்துலயே இருக்கே."

கூடமே சிரித்தது. அத்தனை வருடமாக அவள் சொன்ன பொய்யை வேதவாக்காக எடுத்துக்கொண்ட சனம், வாய்திறந்து சொன்ன ஒரே உண்மையை ஊதித் தள்ளிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது, "கோவமா?" என்று கேட்டாள்.

"எதுக்குக் கோவம்? எனக்காகச் சபையில நீ பொய் சொன்னேன்னு ஊரே மெச்சுது. கப்பு கெடச்சாக்கூட இவ்வளவு மரியாதை வந்திருக்காது."

மறுநாள் காலை ஒரு புதுத் தம்பதி வந்தது. புதுப்பெண் அதே கேள்வியைக் கேட்டாள். "தெரியாதுங்க" என்றாள் அவள், உறுதியாக.

"பாவம், புதுசா வேலைக்குச் சேர்ந்திருப்பாங்க" என்று மனைவியிடம் கிசுகிசுத்துவிட்டு, கணவனே கதையைச் சொல்ல ஆரம்பித்தான். குட்டி, புயல், எல்லாம் சரியாக வந்தது. கடைசியில், தாய் செத்த பிறகு குட்டி வருஷாவருஷம் அந்தக் கரைக்கு வந்து சுற்றிவிட்டுப் போகுமாம்.

அது அவளுக்கே புதிது. நாற்காலியைச் சத்தமில்லாமல் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.